கூனல் ஸ்பேனருக்கு முதல் பொட்டு

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் கடந்த மறுவாரம். பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், மேடவாக்கம் என்று எந்தத் தெருவில் நுழைந்தாலும் தண்ணீரில் நின்ற வண்டிகள். மாம்பாக்கம் சாலையோரம் இருக்கும் என் ஷெட்டில் கால் வைக்க இடமில்லை. ஒரு காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றும்படி வேலை பழகும் பையனிடம் சொல்லிவிட்டு வேறு வண்டியைப் பார்க்கப் போனேன். மேல் போல்ட்டு சுலபமாக வந்துவிட்டது. கீழ் போல்ட்டு கண்ணால் பார்க்க முடியாத மூலையில் இருந்தது. அரை மணி கழித்து வந்து பார்த்தால், பையனின் விரல் முட்டிகளில் ரத்தம். போல்ட்டின் ஆறு மூலையும் மழுங்கி, தலை கோலிக்குண்டு மாதிரி உருண்டிருந்தது. அவசரத்தில் 12-13 ஸ்பேனரின் 13 முனையை உள்ளே விட்டு, பிடியில் ஒரு பைப்பையும் சொருகி, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி இழுத்திருக்கிறான்.

“தாத்தா, எவ்ளோ பலமா இழுத்தும் வரலை.”

“பலமா இழுத்ததாலதான்டா வரலை. போய்க் கையைக் கழுவிட்டு மஞ்சள் வை. போல்ட்டு எங்கயும் ஓடிடாது.”

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பதினெட்டு வயதில் நான் செய்ததைத்தான் அவனும் செய்திருந்தான்.

எனக்கு இப்போது எழுபது வயது. 1969-ல், பதினாலு வயதில், தாம்பரத்தில் ஒரு பட்டறையில் நட்டு கழுவும் பையனாகச் சேர்ந்தேன். 1984-ல் மேடவாக்கத்துக்கு வந்து சொந்தமாக ஷெட் போட்டேன். அப்போது இங்கே சுற்றிலும் வயல். தவளைச் சத்தத்தைக் கேட்டபடி ராத்திரி வேலை பார்த்திருக்கிறேன். இன்று கூட்ரோட்டில் தலைக்கு மேல் மேம்பாலம் ஓடுகிறது. ஐம்பத்தைந்து வருடம் வண்டிகளின் வயிற்றுக்குள் கையை விட்டு நான் கற்றது ஒன்றே ஒன்று. கைக்கு எட்டும் போல்ட்டை யாரும் கழற்றிவிடலாம். எட்டாத போல்ட்டுதான் ஆளைச் சோதிக்கும். அங்கே பலசாலி தோற்பான். இடம் பார்த்துக் கருவி எடுப்பவன் கழற்றிவிடுவான்.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் 48, 49, 50 என அடுத்தடுத்து வரும். போருக்குப் புறப்படும் அரசனுக்கு அந்த வரிசை. எங்கள் பட்டறைக்கு அதைத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். முதலில் இடம். அடுத்துக் காலம். வலி கடைசியில்.

இடம்

நான் தொழில் பழகிய நாளில் எங்கள் பக்கத்துச் செல்லப்பிள்ளை ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் 1961 முதல் செய்தார்கள். அதன் பானெட்டைத் தூக்கினால் மூடி மட்டும் திறக்காது. மட்கார்டு, ஹெட்லைட்டு எல்லாம் சேர்ந்து, வண்டியின் முன் உடம்பே முதலை வாய் பிளந்த மாதிரி முன்னால் சாயும். இன்ஜின் நட்டநடுவில் வெட்டவெளிச்சமாக நிற்கும். முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். எங்கள் மேஸ்திரி முதல் நாள் என்னை அப்படித்தான் டயர் மேல் உட்காரவைத்தார்.

ஆனால் தொழிலை அவர் எனக்கு ஹெரால்டில் சொல்லித் தரவில்லை. “இதுல எல்லாமே தெரியுது. தெரியறதைக் கழட்டறதுக்கு மெக்கானிக் எதுக்கு?” என்று சொல்லி அம்பாசிடரிடம் அழைத்துப்போனார். அந்த இன்ஜினில் காற்று போகும் மேனிஃபோல்டும் புகை வரும் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் இருக்கும். மேலே கார்புரேட்டர் மறைத்துக்கொள்ளும். என்னைக் கண்ணை மூடச் சொல்லி, கையைப் பிடித்து அதற்கு அடியில் விட்டார். “எத்தனை நட்டு இருக்கு? எந்தப் பக்கம் கை திரும்பும்? விரலால பார்த்துச் சொல்லு.” பத்து நாள் ஸ்பேனரே தரவில்லை. பதினோராம் நாள், தொட்டவுடன் நட்டின் சைஸைச் சொன்னேன். அன்றுதான் முதல் ஸ்பேனரைக் கையில் கொடுத்தார்.

போகப் போக வண்டிக்குள் இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. இன்ஜினைக் குறுக்கே திருப்பி வைத்து, கியர் பாக்ஸையும் பக்கத்திலேயே சேர்த்திருந்தார்கள். பின்னால் வந்த ஆம்னி வேனில் முன் சீட்டைத் தூக்கினால்தான் இன்ஜினே தெரியும். இப்போதைய வண்டிகளில் ஒயரும் குழாயும் பிளாஸ்டிக் மூடியும் விலக்கித்தான் உள்ளே போக வேண்டும். இடம் சுருங்கச் சுருங்கக் கருவி நுட்பமாக வேண்டும்.

கணக்கு எளிமையானது. போல்ட்டின் தலைக்கு ஆறு மூலை. ஒரு மூலை அடுத்த மூலையின் இடத்துக்கு வர 60 டிகிரி திரும்ப வேண்டும். அவ்வளவு வீச்சுக்கு இடுக்கில் இடம் கிடைக்காது. அதனால்தான் ஓப்பன் ஸ்பேனரின் வாயைப் பிடிக்கு நேராக வைக்காமல் 15 டிகிரி சாய்த்து வைத்தார்கள். ஒரு தடவை திருப்பி, ஸ்பேனரைப் புரட்டிப் போட்டு மறுதடவை திருப்பினால் 30 டிகிரி வீச்சே போதும். பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனருக்கும் அதே 30 டிகிரி போதும். 72 பல் இருக்கும் ரேட்செட்டுக்கு 5 டிகிரி அசைந்தால் போதும். ஒரு பிடி அசைய இடமிருந்தால் வேலை முடிந்த மாதிரி.

ஆனால் இடுக்கில் நுழைவது ஒன்று, பிடிப்பது ஒன்று. ஓப்பன் ஸ்பேனர் தலையை இரண்டு பக்கம்தான் கவ்வும். துருப்பிடித்த போல்ட்டில் அது வாய் விரிந்து வழுக்கும். ஆறுமுனை சாக்கெட் ஆறு பக்கத்தையும் தழுவிப் பிடிக்கும். இறுகிப்போன போல்ட்டுக்கு அதுதான் நம்பிக்கையான துணை.

நேராகப் போக முடியாத இடத்துக்குச் சுற்றிப் போக வேண்டும். பின் சக்கர டிரைவ் வண்டிகளில் கியர் பாக்ஸை இன்ஜினோடு சேர்க்கும் மேல் போல்ட்டுகளை மேலிருந்து தொடவே முடியாது. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, மூன்று எக்ஸ்டென்ஷனை ஒன்றோடொன்று சேர்த்து, கியர் பாக்ஸின் முதுகு வழியாக நீட்டினால் போல்ட்டின் தலையில் போய் உட்காரும். கை இங்கே இருக்கும், போல்ட்டு இரண்டு முழம் தள்ளி இருக்கும். வளைவு வந்தால் நடுவில் யூனிவர்சல் ஜாயின்ட் போட வேண்டும். அது கோணத்தில் திரும்பி விசையைக் கொண்டுபோகும். ஆனால் அளவுக்கு மேல் மடக்கினால் முரண்டு பிடித்து வழுக்கிவிடும்.

சைஸ் தவறக் கூடாது. இந்தியாவில் 1956-ல் சட்டம் வந்து, 1958 முதல் படிப்படியாக மெட்ரிக் அளவு நடைமுறைக்கு வந்தது. ஆனால் அம்பாசிடரும் ஹெரால்டும் இங்கிலாந்து வழி வந்தவை. அவற்றின் நட்டெல்லாம் இஞ்ச் கணக்கு. அரை இஞ்ச் என்றால் 12.7 மில்லிமீட்டர். 13 ஸ்பேனர் அதில் சுகமாக ஏறும். இடைவெளி வெறும் 0.3 மில்லிமீட்டர், ஒரு தலைமுடியை நாலாக மடித்த கனம்தான் இருக்கும். அந்த இடைவெளிதான் மூலையைத் தின்றுவிடும். ‘கிட்டத்தட்டச் சரி’ என்ற கருவியைப் போல ஆபத்தான கருவி வேறு இல்லை. சுத்தமாகப் பொருந்தாதது நுழையவே நுழையாது, தொல்லை இல்லை. கிட்டத்தட்டப் பொருந்துவதுதான் நம்பவைத்துக் கழுத்தறுக்கும்.

கடையில் கிடைக்கும் எந்த ஸ்பேனரும் போகாத இடம் ஒன்று வரும். அப்போது மேஸ்திரி ஒரு பழைய ரிங் ஸ்பேனரை எடுத்து, கேஸ் வெல்டிங்கில் சிவக்கக் காய்ச்சி, கூனல் விழ வளைத்தார். மறுபடி ஒரு வளைவு. பார்க்க அவலட்சணமாக இருந்தது. அம்பாசிடர் மேனிஃபோல்டின் அடி நட்டுக்கு அது பாம்பு மாதிரி நெளிந்து போய் உட்கார்ந்தது. நான் சொந்த ஷெட் போட்டபோது அவர் எனக்குக் கொடுத்த சீதனம் அதுதான்.

காலம்

துரு என்பது இரும்பு தின்று கக்கியது. இருந்த இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். மறையின் பள்ளங்களில் அது ஏறி உட்கார்ந்துவிட்டால், போல்ட்டும் நட்டும் ஒரே துண்டு ஆகிவிடும். அதோடு சண்டை போட்டுப் பயனில்லை. எண்ணெய் ஊற நேரம் கொடுக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் மண்ணெண்ணெய் ஊற்றுவோம். இப்போது ஸ்ப்ரே கிடைக்கிறது. எதுவானாலும் ஊற்றியவுடன் ஸ்பேனர் போடுகிறவன் அவசரக்காரன். சாயங்காலம் ஊற்று, சுத்தியலால் தலையில் நாலு தட்டு மெல்லத் தட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கு. எண்ணெய் ராத்திரியெல்லாம் உனக்காக வேலை செய்யும். காலையில் வந்து, கழற்றும் பக்கம் திருப்புவதற்கு முன்னால் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை திருப்பு. துருவின் பிடி அங்கேதான் விடும். பிறகு கால் சுற்று கழற்று, கொஞ்சம் பின்னே விடு, மறுபடி கழற்று. விட்டுப் பிடித்தால் வரும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது 1973-ல் ஒரு ராத்திரி. பெண்ணின் நிச்சயதார்த்தத்துக்கு விடிகாலை கிளம்ப வேண்டும் என்று ஒருவர் அம்பாசிடரை விட்டுவிட்டுப் போயிருந்தார். மேனிஃபோல்டு நட்டு ஒன்று அசைய மறுத்தது. மேஸ்திரி சாப்பிடப் போயிருந்தார். ஸ்பேனரில் தண்ணீர்க் குழாய்த் துண்டைச் சொருகி இழுத்தேன். இரும்பாக நின்ற நட்டு திடீரென்று வெண்ணெய் மாதிரி இளகியது. கழல்கிறது என்று மனசு குளிர்ந்தது. அடுத்த நொடி ‘டக்’. ஸ்டட்டு முறிந்து, பாதி உடம்பு ஹெட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது.

அந்த வெண்ணெய் இளக்கத்தைச் சாகும்வரை மறக்க மாட்டேன். கழலும் போல்ட்டு ‘கிரீச்’ என்று முனகிக்கொண்டு, தடங்கித் தடங்கி வரும். முறியப்போகும் போல்ட்டுதான் சத்தமே இல்லாமல் இளகும்.

மேஸ்திரி வந்து பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. முறிந்த ஸ்டட்டின் நடுமையத்தில் பஞ்சால் ஒரு புள்ளி வைக்கச் சொன்னார். கை டிரில்லால் சின்ன ஓட்டை, அப்புறம் அதைவிடச் சற்றுப் பெரியது. மையம் ஒரு நூல் விலகினாலும் ஹெட்டின் மறை போய்விடும். கடைசியில் ஈஸி அவுட்டை இறக்கினோம். அதன் மறை எதிர்ப்பக்கம் ஓடும். இடதுபுறம் திருகத் திருக அது துண்டைக் கடித்துக்கொண்டு வெளியே கொண்டுவந்தது. மணி மூன்று. கொஞ்சம் பொறுத்திருந்தால் முடியும் வேலைக்கு ஆறு மணி நேரம். அவர் டார்ச்சை அணைத்துவிட்டு, “இனிமே நட்டு மட்டும் பித்தளையில போடு. பித்தளை இரும்போட ஒட்டிக்காது. அடுத்து கழட்டறவன் உன்னை வாழ்த்துவான்” என்றார். தனக்கு அடுத்து வருகிறவனை நினைத்து வேலை செய்வது என்றால் என்ன என்று அன்று புரிந்தது.

வலி

பலமே வேண்டாம் என்று சொல்லவில்லை. அளந்து கொடுக்க வேண்டும் என்கிறேன். 10 ஸ்பேனர் போடும் சின்ன போல்ட்டுக்கு எவ்வளவு முறுக்கு தேவை தெரியுமா? ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைத் தொங்கவிட்டால் வரும் முறுக்கு. அவ்வளவுதான். அதனால்தான் சின்ன சைஸ் ஸ்பேனரைக் குட்டையாகச் செய்திருக்கிறார்கள். செய்தவன் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. நம் கையின் பலம் போல்ட்டைக் கொல்லாமல் இருக்கத்தான் பிடியைக் குறைத்தான். அதில் பைப்பைச் சொருகுவது அவன் போட்ட வேலியைத் தாண்டுவது.

மாட்டும்போதும் இதே கவனம் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போல்ட்டை ஏற்றும்போது முதல் மூன்று சுற்று விரலால்தான். சாக்கெட்டுக்குள் ஒரு துண்டு செய்தித்தாளை வைத்து அமுக்கினால் போல்ட்டு நழுவாமல் நிற்கும். மறையில் வைத்ததும் முதலில் பின்பக்கம் திருப்ப வேண்டும். ‘டிக்’ என்று ஓரிடத்தில் விழும். மறையும் மறையும் சேரும் வாசல் அது. அங்கிருந்து முன்பக்கம் திருப்பினால் வழுக்கிக்கொண்டு போகும். முதல் சுற்றே முரண்டு பிடித்தால் ஸ்பேனரைத் தேடாதே, வெளியே எடு. வாசல் தவறிய போல்ட்டைப் பலத்தால் ஏற்றினால் இரண்டு மறையும் நாசம்.

வீட்டில் முறிந்த ஸ்டட்டு

இவ்வளவும் கையில் தெரிந்தவன்தான் வீட்டில் தவறினேன். 1998-ல் வேங்கைவாசலில் அப்பா விட்டுப்போன மனையின் எல்லைக்கல் விஷயமாக எனக்கும் தம்பிக்கும் பேச்சு வந்தது. கல் என் பக்கம் நகர்ந்திருந்தது என்று நான் சொன்னேன். என் கணக்கு சரி. ஆனால் சொந்தக்காரர்கள் பத்துப் பேரைக் கூட்டி வைத்து, அவன் வேலை இல்லாமல் இருந்த நேரத்தில், மூத்தவன் என்ற பிடியில் ஒரு பைப்பையும் சொருகிக்கொண்டு பேசினேன். கொஞ்ச நேரம் வாதாடினான். திடீரென்று குரலைத் தாழ்த்தி, “சரிண்ணே” என்றான்.

இளகிவிட்டான் என்று மனசு குளிர்ந்தது. அவன் முறிந்திருந்தான்.

ஒன்பது வருடம் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நான் நாலு தடவை நேராகப் போய்ப் பார்த்தேன். நேராகப் போனதுதான் தப்பு. நாங்கள் இருவரும் நின்ற கோணத்தில் எந்த ஸ்பேனரும் உட்காராது. 2007-ல் அவன் மகளுக்குக் கல்யாணம் கூடியது. எங்கள் அக்கா சேலையூரிலிருந்து கிளம்பி அவன் வீட்டுக்குப் போனாள். மனையைப் பற்றி மூச்சு விடவில்லை. அப்பா வழி அத்தை என்ற உரிமையில் புடவை, பாத்திரம் என்று நாள் முழுக்கப் பேசியிருக்கிறாள். கிளம்பும்போது, “பத்திரிகையில பெரியப்பா பேரை மேல போடறியா, கீழ போடறியா?” என்று மட்டும் கேட்டிருக்கிறாள். போடுவாயா என்று கேட்கவில்லை. தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “மேலதான்” என்றானாம்.

அக்கா எட்டாம் வகுப்பு படித்தவள். எந்தக் கோணத்தில் போனால் விசை போய்ச் சேரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கல்யாணம் முடிந்த மறுமாதம் எல்லைக்கல்லை நானே தள்ளி நட்டேன், அவன் பக்கத்துக்கு அரை அடி விட்டு. பித்தளை நட்டு போட்ட மாதிரி ஒரு நிம்மதி.

பழகும் பிள்ளைகளுக்கு

ஷெட்டுக்கு வரும் பிள்ளைகள் கேட்பார்கள், முதலில் எதை வாங்குவது என்று. நூறு பீஸ் பெட்டியைப் பார்த்து மயங்காதீர்கள். 8, 10, 12, 13, 14, 17, 19 இந்த ஏழு சைஸில் ஒரு பக்கம் ரிங், ஒரு பக்கம் ஓப்பன் உள்ள ஸ்பேனரும், ஆறுமுனை சாக்கெட்டும் நல்ல குரோம் வனேடியம் இரும்பில் வாங்குங்கள். நாசிக்கின் தபாரியா மாதிரி பெயர் நின்ற பொருள் போதும். நுண்பல் ரேட்செட் ஒன்று, நீளம் மாறும் எக்ஸ்டென்ஷன் மூன்று, யூனிவர்சல் ஜாயின்ட் ஒன்று, கைக்கண்ணாடி ஒன்று, காந்தக் கம்பி ஒன்று. மற்றதை வேலை வரவர வாங்கலாம். என் பேரன் செல்போனில் ஒயரோடு மாட்டும் சின்னக் கேமராவை இடுக்கில் விட்டு போல்ட்டைப் படமாகக் காட்டுகிறான். அருமையான கருவி. மேஸ்திரி இருந்தால் கொண்டாடியிருப்பார். ஆனாலும் பேரனை நான் கண்ணை மூடவைத்து விரலாலும் தேடச் சொல்கிறேன். படம் இடத்தைக் காட்டும். இறுக்கத்தைக் கைதான் சொல்லும்.

இன்னொன்று, ராத்திரி ஷெட்டை மூடும் முன் கருவிகளை எண்ணுங்கள். தாம்பரம் விமானப்படைத் தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த பழக்கம் இது. விமான வேலையில் ஒரு ஸ்பேனர் குறைந்தாலும், அது கிடைக்கும்வரை விமானத்தை விட மாட்டார்களாம். பலகையில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தை வரைந்து வைத்தேன். இடம் காலியாக இருந்தால் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

அந்தப் பையனின் போல்ட்டுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அன்று சாயங்காலம் எண்ணெய் விட்டோம். மறுநாள் காலை, உருண்ட தலையில் சற்றே சின்ன ஆறுமுனை சாக்கெட் ஒன்றை வைத்து, நீள எக்ஸ்டென்ஷனின் மறுமுனையில் சுத்தியலால் தட்டித் தட்டி ஏற்றினோம். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை. அப்புறம் கழற்றும் பக்கம். ‘கிரீச்’ என்று முனகியது. பையன் பயந்து கையை எடுத்தான். “சத்தம் போடுது, நல்லது. மெதுவா வா” என்றேன். வந்தது. அந்தத் தலை உருண்ட போல்ட்டை அவன் சட்டைப் பையிலேயே பத்திரமாக வைத்திருக்கிறான்.

எங்கள் ஷெட்டில் ஆயுத பூஜைக்கு எல்லாக் கருவியையும் கழுவித் துடைத்து வரிசை வைப்போம். போன வருடம் தம்பியும் வந்திருந்தான், குடும்பத்தோடு. பெரிய சுத்தியல், டார்க் ரெஞ்ச், ஜாக்கி எல்லாம் இருக்க, மேஸ்திரி வளைத்த அந்தக் கூனல் ஸ்பேனரை எடுத்து முதலில் வைத்தேன். தம்பி குங்குமக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “இது என்னண்ணே, வளைஞ்சு கிடக்கே?” என்றான்.

“நேராப் போக முடியாத இடத்துக்குப் போறதுடா. அதுக்கு முதல்ல வை.”

வைத்தான்.